பொய்க்கதை தானே என்று ஒதுக்கலாமா?

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. இயற்பியல் செய்முறை வகுப்பில் ஒரு மாணவன் பதிவேட்டின் அடியில் ஒரு நாவலை மறைத்து வைத்துப் படித்துக் கொண்டிருந்தான். வாங்கிப் பார்த்தேன். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. நூலக முத்திரையுடன், பலர் கைபட்டு ஓரம் மடங்கிப் போயிருந்த புத்தகம்.

"சார், இதில் ஓர் இயந்திர நாய் புத்தகம் படிக்கிறது, தானாகவே யோசிக்கிறது. அப்படி ஒன்றை உண்மையில் செய்ய முடியுமா? யோசிப்பது என்பதே மின்னோட்டம்தானா சார்?" என்று கேட்டான்.

"பொய்க்கதை படிக்கிற நேரத்தில் வெர்னியர் அளவை ஒழுங்காக எடு" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தேன். அந்த மாணவன் பிறகு நல்ல மதிப்பெண்களுடன் தேறினான். ஆனால் படிப்பு முடியும் வரை என்னிடம் வேறொரு வினாவும் கேட்கவில்லை. அவன் அன்று கேட்டது உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் இன்று கேட்டுக்கொண்டிருக்கும் வினா என்பதை நினைக்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த வினாவை அவனுக்குத் தந்தது நான் நடத்திய பாடம் அன்று. நான் பொய்க்கதை என்று ஒதுக்கிய நாவல்தான்.

நூலகத்திற்கு வருவோரில் பலர் போட்டித் தேர்வு நூல்களையும், வரலாற்று நாவல்களையும், குடும்பக் கதைகளையும் தேடி எடுக்கிறார்கள். அறிவியல் புதினங்களும் மாயக் கற்பனைப் புதினங்களும் தூசி படிந்து நிற்கின்றன. 'குழந்தைகளுக்கு உரியவை', 'நடவாத கதை' என்ற எண்ணமே காரணம். இந்த எண்ணம் சரியானதா? இதற்கு விடை காண வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறத்தாழ 30 கி.மீ. அந்தக் கடற்கரையை ஒட்டிய சிறு நிலப்பகுதியிலேயே கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் நகரம் உண்டு. புயல் கரை கடந்த இடம் உண்டு. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை உண்டு. அணுமின் நிலையமும் உண்டு. இவை ஒவ்வொன்றையும் பற்றி நினைக்கும்போது நினைவுக்கு வரும் ஒரு பழைய கற்பனைக் கதையும் உண்டு.

முதலில் ஒரு சிறு விளக்கம். 'இயற்கை விதிகளுக்கு உட்பட்டு, இப்படி ஒன்று நடந்தால் என்ன ஆகும்?' என்று கேட்பது அறிவியல் புதினம். 'விதிகளையே மாற்றி விட்டால் என்ன ஆகும்?' என்று கேட்பது மாயக் கற்பனைப் புதினம். இரண்டிற்கும் பொதுவானது அந்த 'என்ன ஆகும்?' என்ற கேள்வி.

கடலுக்குள் ஒரு நகரம்

ஐரோப்பிய மாலுமிகள் மாமல்லபுரத்தை 'ஏழு கோயில்கள்' என்ற பொருள்படும் பெயரால் அழைத்து வந்தனர். வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1772-லும் 1776-லும் இங்கு வந்து பார்த்தார். அவர் கண்டதையும் கேட்டதையும் தொகுத்து எழுதிய கட்டுரை, கல்கத்தாவில் ஆசியக் கழகம் வெளியிட்ட 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் 1788-ல் அச்சாயிற்று. அதில் ஊரார் கூறிய கதை ஒன்று உள்ளது. இவ்வூரை ஆண்ட அரசன் ஒருவன் மாறுவேடத்தில் தேவலோகம் சென்று இந்திரனின் அவையைக் கண்டானாம். திரும்பி வந்து தன் நகரை அதைப் போலவே அழகுபடுத்தினானாம். பொறாமை கொண்ட தேவர்கள் கடலை ஏவி நகரை மூழ்கடித்தார்களாம். கடலுக்குள் செம்புத் தகடு போர்த்திய கோபுர உச்சிகள் சூரியன் உதிக்கும் வேளையில் தெரிந்ததை நேரில் பார்த்த முதியவர்கள் இருந்தார்கள் என்றும் சேம்பர்ஸ் எழுதினார்.

இந்தக் கட்டுரை இங்கிலாந்தில் ராபர்ட் சதே என்ற கவிஞரின் கைக்குக் கிடைத்தது. இந்தியாவை ஒருபோதும் பார்த்திராதவர் அவர். 1810-ல் வெளிவந்த 'கெஹாமாவின் சாபம்' என்ற அவருடைய நெடுங்கதைப் பாடலில், மாமல்லபுரத்துக் கடலடியில் ஒரு நகரமே எழுந்து நிற்கிறது. நம் மீனவக் குப்பத்துக் கதை ஆங்கிலத்தில் மாயக் கற்பனை இலக்கியமாகிவிட்டது! அதற்கும் நூறாண்டுகளுக்கு மேல் கழித்து, 1940-களில், புதுமைப்பித்தன் கடல்கொண்ட நகரை வைத்துக் 'கபாடபுரம்' என்ற மாயக் கதையைத் தமிழில் எழுதினார்.

இவையெல்லாம் கதைகள்தாம். ஆனால் கதை ஒரு வினாவை உயிரோடு வைத்திருந்தது: கடலுக்குள் ஏதாவது இருக்கிறதா? 2002 ஏப்ரலில் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனமும் பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்றும் இணைந்து இங்கு மூழ்கித் தேடின. கடற்கரைக் கோயிலிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தொலைவில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், இடிந்த சுவர்களும் படிகளும் சிதறிய கட்டடக் கற்களும் காணப்பட்டன. அவை பல்லவர் காலத்தவையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

2004 டிசம்பர் 26 அன்று காலை ஆழிப்பேரலை வந்தது. அலை கரையை அடையும் முன் கடல் வெகுதூரம் பின்வாங்கியது. அப்போது வரிசையான பாறைகளும் கற்களும் வெளியே தெரிந்ததாக நேரில் கண்ட பலர் கூறினர். அடுத்த ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையும் கடற்படையும் அப்பகுதியில் தேடுதலை மேற்கொண்டன. சில கி.மீ. வடக்கே சாளுவன்குப்பத்தில் அலை மணலை அரித்ததால் ஒரு பாறைக் கல்வெட்டு வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்து நடந்த அகழாய்வில் பழைமையான முருகன் கோயில் ஒன்று கிடைத்தது. பல்லவர் காலத்துக் கட்டுமானத்தின் அடியில் அதனினும் பழைய செங்கல் கட்டுமானம் இருந்தது. முற்காலத்திலும் பேரலைகள் தாக்கியதற்கான படிவுகளைக் கண்டதாக அகழ்ந்தவர்கள் தெரிவித்தனர்.

ஆகவே 'ஏழு கோயில்கள்' கதை மெய்யாகி விட்டதா? இல்லை. கதையில் வரும் மாநகரம் கிடைக்கவில்லை. இந்திரனின் பொறாமைக்கும் சான்று இல்லை. கிடைத்தவை சில கட்டடங்களின் எச்சங்கள்; கடல் நிலத்தை அரித்ததற்கும் கரையைத் தாக்கியதற்கும் அடையாளங்கள். கதை வினாவைக் கொடுத்தது. விடையை மூழ்கித் தேடியவர்களும் மண்ணை அகழ்ந்தவர்களும் கொடுத்தனர். இந்த இரண்டையும் குழப்பிக் கொள்ளாமல் இருப்பதுதான் கற்பனை நூல்களைப் படிப்பதில் முதல் பாடம்.

கதை உயிரையும் காக்கும் என்பதற்கு அதே நாளில் ஒரு சான்று உண்டு. இந்தோனேசியாவில் நிலநடுக்க மையத்திற்கு மிக அருகில் உள்ள தீவு சிமுலுவே. 1907-ல் அங்கு வந்த பேரலையைப் பாட்டிமார் 'ஸ்மோங்' என்ற பெயரில் கதையாகவும் பாட்டாகவும் சொல்லி வந்தனர். நிலம் கடுமையாகக் குலுங்கி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் சாரம். 2004-ல் தீவு மக்கள் அப்படியே ஓடினர். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர் மட்டுமே. நம் கரையிலோ நிலம் அவ்வளவாகக் குலுங்கவில்லை. இத்தகைய கதையும் நம்மிடம் இல்லை. பின்வாங்கிய கடலைப் பலர் நின்று வேடிக்கை பார்த்தனர். 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் இத்தகைய அலை மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் வரும் என்பதை எத்தனை பேர் அறிந்திருந்தோம்? தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்கள் போயின.

புயலை அடக்கிய எண்ணெய்க் குப்பி

2022 டிசம்பர் 9 இரவு 'மாண்டஸ்' புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. வங்கக் கடலில் புயல் எழும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது 1896-ல் எழுதப்பட்ட ஒரு சிறுகதை. எழுதியவர் கதாசிரியர் அல்லர்; நுண்ணலை ஆய்வில் உலகப் புகழ் பெற்ற ஜகதீச சந்திர போஸ்.

'குந்தளீன்' என்ற கூந்தல் தைலத்தைத் தயாரித்தவர் வங்காளத்தில் ஒரு சிறுகதைப் போட்டி நடத்தினார். கதையில் எங்காவது தைலத்தின் பெயர் வர வேண்டும் என்பது விதி. போஸ் அனுப்பிய கதைக்கு முதல் பரிசு கிடைத்தது. கல்கத்தாவைப் பெரும் புயல் தாக்கப் போகிறது என்று வானிலை அலுவலகம் அறிவிக்கிறது. ஆனால் புயல் வரவே இல்லை. எங்கே போயிற்று? அறிவியலாளர்கள் மண்டையை உடைத்துக் கொள்கிறார்கள். உண்மையில், காய்ச்சலிலிருந்து தேறி, இலங்கைக்குக் கப்பலில் சென்று கொண்டிருந்த ஒருவர் புயலில் சிக்கிக் கொள்கிறார். முடி உதிர்கிறதே என்று மகள் பெட்டியில் வைத்த தைலக் குப்பி நினைவுக்கு வருகிறது. அதைக் கடலில் கொட்டுகிறார். கொந்தளிப்பு அடங்கி விடுகிறது!

நகைச்சுவைக் கதைதான். ஆனால் அதன் அடியில் இருப்பது நல்ல இயற்பியல். நீரின் மேல் எண்ணெய் பரவும்போது மிக மெல்லிய படலம் உண்டாகிறது. அது நீரின் பரப்பு இழுவிசையை இடத்துக்கு இடம் மாற்றி, சிற்றலைகளின் ஆற்றலை விரைவில் உறிஞ்சி விடுகிறது. சிற்றலைகள் இல்லாத வழவழப்பான நீர்ப்பரப்பைக் காற்றால் எளிதில் பற்ற முடிவதில்லை. பெஞ்சமின் பிராங்க்ளின் இலண்டனுக்கு அருகே ஒரு குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றி, ஏறத்தாழ அரை ஏக்கர் நீர்ப்பரப்பு அமைதியானதைக் கண்டு 1774-ல் எழுதி வெளியிட்டார்.

அப்படியானால் ஒரு குப்பி எண்ணெயால் புயலை நிறுத்தலாமா? முடியாது. புயலின் ஆற்றல் அலைகளில் இல்லை. வெதுவெதுப்பான கடலிலிருந்து ஆவியாகி எழுந்த நீர், மேலே குளிர்ந்து மேகமாகும்போது வெளிவிடும் உள்ளுறை வெப்பத்தில் இருக்கிறது. ஆவியாதலைத் தடுக்கும் படலத்தைக் கடல்மேல் பரப்பினால் புயல் வலுவிழக்குமா என்று பிற்கால ஆய்வாளர்களும் எண்ணிப் பார்த்தனர். கொந்தளிக்கும் கடல் படலத்தைக் கிழித்து விடுகிறது என்பதே கிடைத்த விடை.

இந்தக் கதையை மாணவர்களிடம் சொல்லி, 'இதில் எது சரி, எது தவறு?' என்று கேட்டால் பரப்பு இழுவிசை, அலையியக்கம், உள்ளுறை வெப்பம் ஆகிய மூன்று பாடங்களும் ஒரே மணி நேரத்தில் விவாதமாகி விடுகின்றன. போஸ் தம் கதையில் ஒளித்து வைத்த இன்னொன்றும் உண்டு. விடை தெரியாதபோதும் விளக்கம் சொல்லியே தீருவேன் என்னும் பண்டிதர்களை அவர் மெல்லக் கிண்டல் செய்கிறார். அறிவியலைப் பார்த்துச் சிரிக்கும் உரிமையும் அறிவியல் புதினத்திற்கு உண்டு.

சென்னையில் அச்சான கனவு

போஸின் கதை வந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1905-ல், நம் சென்னையிலேயே ஒரு வியப்பான கதை அச்சாயிற்று. கமலா சத்தியநாதன் என்ற பெண்மணி நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற ஆங்கில மாத இதழில் வெளிவந்த 'சுல்தானாவின் கனவு' அது. எழுதியவர் வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கையா சகாவத் உசேன். பள்ளிக்கூடம் சென்று படிக்க வாய்ப்பில்லாமல் வீட்டுக்குள்ளேயே எழுத்துக் கற்றவர்.

கதையில் ஒரு பெண் கனவில் வேறொரு நாட்டுக்குப் போகிறாள். அங்கே ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். பெண்கள் வெளியே வந்து நாட்டை நடத்துகிறார்கள். பெண்களுக்கென்றே பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஒன்று, குழாய்கள் பொருத்திய பலூனை வானில் மிதக்க விட்டு மேகத்திலிருந்து வேண்டிய அளவு நீரை எடுக்கிறது. மற்றொன்று, சூரிய வெப்பத்தைத் திரட்டிச் சேமித்து வைக்கிறது. அந்த வெப்பத்தில்தான் சமையல் நடக்கிறது. அடுப்படியில் புகையோ கரியோ இல்லை. பயணத்துக்குப் பறக்கும் ஊர்தி இருக்கிறது.

ரைட் சகோதரர்கள் பறந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. பெண்கள் கல்லூரிக்குச் செல்வதே அரிது. இதை ஒரு கட்டுரையாக எழுதி, 'பெண்களுக்கு அறிவியல் கல்வி வேண்டும்' என்று வாதாடியிருக்கலாம். ரொக்கையா அப்படிச் செய்யாமல், கல்வி கிடைத்து விட்ட நாட்டையே காட்டி விட்டார். படித்தவர்கள் மனத்தில் எழுந்த கேள்வி இதுதான்: அங்கே முடிகிறது என்றால் இங்கே ஏன் முடியாது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தை நோக்கிச் செல்லும்போது நெம்மேலியில் ஓர் ஆலையைக் காணலாம். கடல்நீரை மிகுந்த அழுத்தத்தில் நுண்ணிய சவ்வுகள் வழியே செலுத்தி, உப்பைப் பிரித்து, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் அளவில் 2013-ல் அமைக்கப்பட்டது. பின்னர் அது விரிவாக்கப்பட்டது. ரொக்கையா நீரை மேகத்தில் எடுத்தார். நாம் கடலில் எடுக்கிறோம். வழி வேறு, தேவை ஒன்று. எடுத்த நீர் யாருக்குப் போய்ச் சேருகிறது என்ற கேள்வி இன்றும் கேட்க வேண்டிய ஒன்று என்பதைப் படிப்பவர் சிந்திக்கலாம்.

அணு உலைக்கு முன்னே ஒரு நாவல்

மாமல்லபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் கல்பாக்கம். அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983 ஜூலையில் தொடர்வினையைத் தொடங்கியது. 1985 அக்டோபரில் வேகப் பெருக்கச் சோதனை உலையும் இயங்கத் தொடங்கியது. தொடர்வினை என்றால் என்ன? யுரேனிய அணுக்கரு ஒன்று நியூத்திரானால் பிளவுபடும்போது இரண்டு அல்லது மூன்று புதிய நியூத்திரான்கள் வெளிப்படுகின்றன. அவற்றுள் சராசரியாக ஒன்று மட்டும் அடுத்த அணுக்கருவைப் பிளக்கும்படி கட்டுப்படுத்தினால் உலை. கட்டுப்பாடின்றி விட்டால் குண்டு.

இந்தத் தொடர்வினை என்ற எண்ணத்தின் வரலாற்றில் ஒரு நாவலுக்கு இடம் உண்டு என்றால் நம்புவீர்களா? ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ், கதிரியக்கத்தைப் பற்றி வேதியியல் அறிஞர் பிரெடரிக் சாடி எழுதிய நூலைப் படித்துவிட்டு, 1914-ல் 'விடுதலை பெற்ற உலகம்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நாவல் எழுதினார். அணுவின் ஆற்றலை மனிதன் கைப்பற்றுகிறான், தொழில்கள் தலைகீழாகின்றன, பலர் வேலை இழக்கிறார்கள், பின்னர் போர் வருகிறது, விமானத்திலிருந்து 'அணுகுண்டுகள்' வீசப்படுகின்றன. அந்தச் சொல்லே அவருடையதுதான். நாவலில் அணு ஆற்றலுக்கு வழி கண்டுபிடிக்கப்படும் ஆண்டு 1933.

ஹங்கேரியில் பிறந்த இயற்பியலாளர் லியோ சிலார்ட் 1932-ல் இந்த நாவலைப் படித்தார். அதே ஆண்டில்தான் சாட்விக் நியூத்திரானைக் கண்டறிந்தார். மறு ஆண்டு, 1933 செப்டம்பரில், அணு ஆற்றலைத் தொழிலுக்குப் பயன்படுத்தலாம் என்பது வெறும் பிதற்றல் என்ற பொருளில் ரூதர்போர்டு பேசியது இலண்டன் பத்திரிகையில் வந்தது. அதைப் படித்த சிலார்ட், இலண்டன் தெரு ஒன்றைக் கடக்கும்போது, ஒரு நியூத்திரானை வாங்கி இரண்டை வெளிவிடும் தனிமம் கிடைத்தால் தொடர்வினை நிகழுமே என்று எண்ணினார். 1934-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பின்னர் அதை இரகசியமாக வைக்கும்படி பிரிட்டிஷ் கடற்படைத் துறையிடம் ஒப்படைத்தார். இதன் விளைவு என்னவாகும் என்பது வெல்ஸைப் படித்திருந்ததால் தமக்குத் தெரிந்தது என்று அவரே பிற்காலத்தில் கூறினார். 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் முதல் உலை இயங்கியபோது அவரும் அந்தக் குழுவில் இருந்தார். 1945 ஜூலையில், ஜப்பான் மீது குண்டைப் போட அவசரப்படக் கூடாது என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு அறிவியலாளர்களின் கையொப்பம் திரட்டியவரும் அவரே. விண்ணப்பம் பலிக்கவில்லை.

வெல்ஸின் இயற்பியல் பல இடங்களில் தவறு. அவருடைய குண்டு ஒரே நொடியில் வெடிக்காமல் நாள் கணக்கில் வெடித்துக் கொண்டே இருக்கிறது. அணுக்கருப் பிளவையும் அவர் அறிந்திருக்கவில்லை. அது 1938-ல்தான் கண்டறியப்பட்டது. ஆனால் பெரும் ஆற்றல் கிடைத்தால் மனிதர் அதைக் கொண்டு என்ன செய்வார்கள் என்ற வினாவை, அந்த ஆற்றல் கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் கேட்டு விட்டார். எந்தப் பாடநூலும் சிலார்டுக்கு அந்த அச்சத்தைத் தந்திருக்க முடியாது. சமன்பாடு அணுவின் ஆற்றலைக் கணக்கிட்டுச் சொல்லும். அந்த ஆற்றலின் கீழ் வாழப்போகும் மக்களைக் காட்ட ஒரு கதை வேண்டியிருந்தது.

தமிழில் இவை இல்லையா?

இருக்கின்றன. மேரி ஷெல்லி 1818-ல் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' உலகின் முதல் அறிவியல் புதினம் என்று பலராலும் கருதப்படுகிறது. தான் படைத்த உயிருக்குப் பொறுப்பேற்க மறுக்கும் ஓர் ஆராய்ச்சியாளனின் கதை அது. இதைப் 'பிரேத மனிதன்' என்ற பெயரில் தமிழுக்குக் கொண்டு வந்தவர் புதுமைப்பித்தன். பெரியார் 1940-களில் வெளியிட்ட 'இனிவரும் உலகம்' கதை அன்று. ஆயினும் அதே கற்பனைத் துணிவு கொண்டது. கம்பியில்லாச் சாதனம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும், உருவத்தைப் பார்த்துக் கொண்டே தொலைவிலுள்ளவரோடு பேசலாம், ஆண் பெண் சேர்க்கையின்றியே குழந்தை பிறக்கும் என்றெல்லாம் அதில் சொன்னார். உடலுக்கு வெளியே கருவூட்டப்பட்டு உருவான முதல் குழந்தை இங்கிலாந்தில் பிறந்தது 1978-ல்.

அறிவியல் புதினத்தை இலட்சக்கணக்கான தமிழ் வாசகர்களிடம் கொண்டு சேர்த்தவர் சுஜாதா. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு கொண்டவர் அவர். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வில் ஓர் எதிர்கால இந்தியாவைக் காட்டினார். அங்கே குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். அதன் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'. கணிப்பொறியைப் பெரும்பாலோர் கண்ணால் கூடப் பார்த்திராத காலத்தில், எல்லோரையும் எண்ணால் குறித்துக் கண்காணிக்கும் ஆட்சி எப்படி இருக்கும் என்று அவர் கேட்டார். அந்த ஜீனோதான் என் மாணவன் கேட்ட இயந்திர நாய்.

பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையில் 1956 முதல் வாழ்ந்தவர் ஆர்தர் சி. கிளார்க். ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில், பூமியின் சுழற்சிக்கு இணையாகச் சுற்றும் செயற்கைக் கோள்களைக் கொண்டு உலகம் முழுவதும் செய்தி பரப்பலாம் என்று 1945-லேயே கட்டுரை எழுதியவர். அவருக்கும் நம் மாமல்லபுரக் கதைக்கும் ஒரு பொருத்தம் உண்டு. இலங்கைக்கு வந்த ஆண்டிலேயே அவரும் அவர் நண்பர் மைக் வில்சனும் திருகோணமலைக் கடலில் மூழ்கி, போர்ச்சுக்கீசியர் 17-ஆம் நூற்றாண்டில் இடித்த கோணேசுவரர் கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கடலடியில் கண்டனர். விண்வெளியைக் கற்பனை செய்த அதே மனம்தான் கடலடியையும் எட்டிப் பார்த்தது. சுஜாதா 2008 பிப்ரவரி 27 அன்று மறைந்தார். சரியாக மூன்று வாரம் கழித்து, மார்ச் 19 அன்று, கிளார்க்கும் மறைந்தார்.

எப்படிப் படிப்பது?

சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன். 1931-ல் அவர் வகுத்த ஐந்து நூலக விதிகளில் ஒன்றின் கருத்து இது: எந்த நூலுக்கும் எங்கோ ஒரு வாசகர் இருக்கிறார்; அவரைக் கண்டுபிடித்துச் சேர்ப்பது நூலகத்தின் கடமை. அவர் முயற்சியின் பயனாக 1948-ல் வந்த நூலகச் சட்டத்தின்படி, நாம் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகிறோம். தூசி படிந்து நிற்கும் அந்த நாவல்களுக்கு நாம் ஏற்கெனவே பணம் கட்டி விட்டோம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்!

புதிதாகத் தொடங்குவோர் பெரிய நாவலில் கை வைக்க வேண்டியதில்லை. சுஜாதாவின் அறிவியல் சிறுகதைகள், புதுமைப்பித்தனின் 'கபாடபுரம்', தமிழில் கிடைக்கும் ஜூல்ஸ் வெர்ன் மொழிபெயர்ப்புகள் ஆகியவற்றில் ஒன்றை எடுக்கலாம். அலமாரியில் இல்லையென்றால் நூலகரிடம் கேளுங்கள். வாசகர் கேட்காத நூலை நூலகம் எப்படி வாங்கும்?

படிக்கும்போது மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக் கொண்டால் போதும். ஆசிரியர் நம் உலகில் எதை மட்டும் மாற்றியிருக்கிறார்? அந்த மாற்றம் இயற்கை விதிக்குப் பொருந்துகிறதா, அல்லது வேண்டுமென்றே விதியை மீறுகிறாரா? அதனால் யார் வாழ்கிறார்கள், யார் தாழ்கிறார்கள்? போஸின் எண்ணெய்க் குப்பியை இரண்டாவது கேள்வியாலும், வெல்ஸின் குண்டை மூன்றாவது கேள்வியாலும் அளந்து பாருங்கள்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. கதையில் வந்தது என்பதற்காக ஒன்று நடந்ததாகிவிடாது. பழைய கதையில் பறக்கும் தேர் வருவதால் நம் முன்னோர் விமானம் ஓட்டினார்கள் என்று முடிவு கட்டுவது, மாமல்லபுரக் கடலைத் தோண்டாமலே ஆறு கோயில்களைக் கண்டுவிட்டதாகச் சொல்வதைப் போன்றது. கற்பனையைக் கற்பனை என்று தெரிந்து மகிழ்கிறவர் ஏமாறுவதில்லை. நிறையக் கதை படித்தவருக்குக் கதை விடுகிறவரை அடையாளம் காண்பதும் எளிது.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கையில் இத்தகைய நூலைக் கண்டால் பிடுங்காதீர்கள். 'இதில் என்ன நடக்கிறது?' என்று கேளுங்கள். நான் அன்று கேட்கத் தவறியது அதைத்தான். சிந்தனை என்பது மின்னோட்டம்தானா என்ற வினாவுக்கு இன்றும் என்னிடம் முழுமையான விடை இல்லை. 'எனக்கும் தெரியாது, சேர்ந்து பார்க்கலாம்' என்று அன்றே சொல்லியிருக்கலாம். அந்த மாணவன் இந்தப் பக்கங்களைப் படிக்க நேர்ந்தால், என் வீட்டுக் கதவு திறந்தே இருக்கிறது என்பதை அறியட்டும். 'மீண்டும் ஜீனோ'வையும் நான் படித்து முடித்து விட்டேன்.